ஐந்து மீற்றர் ஆழம்

இந்த முறையும் கயிறு எட்டாவிட்டால் கப்பல் திருகோணமலைக்குப் போய்விடும் என்று இறங்குதுறை அதிகாரி சொன்னார்.

ஆதம்பாவா முன்னால் கிடந்த கம்பி வேலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

கப்பலின் முன்தட்டில் கயிற்றுச் சுருளோடு நின்றவன் அவருடைய மகன் மர்சூக். தலையில் மஞ்சள் தொப்பி. முகம் தெரியவில்லை. நின்ற நிலை தெரிந்தது.

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசியது. சுடுகாற்று. துறையை நெருங்கும் எதையும் அப்பால் தள்ளும்.

சற்று முன் மர்சூக் எறிந்த மெல்லிய கயிறு, நுனியில் கனத்த முடிச்சோடு வளைந்து வந்து, துறையைத் தொடாமல் தண்ணீரில் விழுந்தது. அது கரைக்கு வந்தால்தான் அதன் வாலில் கட்டிய தடித்த கயிறு வரும். தடித்த கயிறு வந்தால்தான் கப்பலைக் கட்டலாம்.

கப்பல் விலகிப் போனது. பின்னால் நின்ற சனம் சிரித்தது.

"மச்சான், இவன்ட எறியப் பாத்தா, கயிறு கரைக்கு வராது. கரைதான் எழும்பிக் கயித்துக்குப் போகணும்," என்றார் முத்தலிப்.

முத்தலிப் ஆதம்பாவாவின் மனைவிக்குத் தம்பி. கேலி பண்ண உரிமை உள்ளவர். விட்டுவிடவும் மாட்டார்.

"மூவாயிரம் பேர் போற கப்பல்ல நிண்டவன். இப்ப நம்மட அரிசி மில்லளவு ஒண்டுல வந்திரிக்கான். என்னத்தையோ செஞ்சிரிக்கான், அதான் எறக்கி வுட்டிரிக்கானுகள்."

அவர்களுடைய ஊரான ஓட்டமாவடி முழுக்க அதைத்தான் சொன்னது.

அந்தப் பெரிய கப்பல் இரண்டு முறை கொழும்புக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் வாடகை வான் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். கப்பலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஆதம்பாவா போகவில்லை.

மகன் அதைவிட்டு இறங்கிச் சிறிய கப்பலொன்றில் குறைந்த சம்பளத்துக்கு ஏறிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன்?

மர்சூக் சிரித்து மழுப்பினான். அதன்பிறகு அவர் அவனோடு பேசவில்லை.

இன்று நேரில் கேட்கலாம் என்று வந்திருக்கிறார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் மழுப்ப முடியாது. அதற்குக் கப்பலைத் துறையில் கட்ட வேண்டும்.

கப்பல் சுற்றி வந்தது.

ஆதம்பாவா கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டிய சாரதி. வேகமாக ஓட்ட யாராலும் முடியும், கொண்டுவந்து நிறுத்துவதில்தான் ஆளைத் தெரியும் என்பது அவருடைய கட்சி. இப்போது, கோபத்துக்கு நடுவிலும், அந்தக் கண் விழித்துக்கொண்டது.

கப்பல் காற்றோடு சண்டைக்குப் போகவில்லை. மூக்கைக் காற்றுக்கு நேரே கொடுத்துச் சும்மா நின்றது. பிறகு நண்டைப்போலப் பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. வயிற்றடியில் மணல் புரண்டு தண்ணீர் பழுப்பானது. அவ்வளவு பெரிய உடம்பு அரக்கி அரக்கி வந்தது. பக்கத்தில் கட்டியிருந்த மீன்பிடி வள்ளம் ஒன்றுகூட ஆடவில்லை.

"கிறுகுற கிறுகலப் பாத்தியா மச்சான்," என்று கப்பல் திரும்பி வரும் அழகைத் தன்னை அறியாமல் மெச்சினார்.

முத்தலிப் வேலியோரம் வந்துவிட்டார். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்சூக்கின் கை பின்னால் போனது. போய் அங்கேயே நின்றது.

"எறிடா! எறி!" என்று சனம் கத்தியது.

அவன் எறியவில்லை. கப்பல் ஒரு முழம் விலகியது. இன்னொரு முழம். மேல்தட்டில் நின்ற வெள்ளைக்காரர்கள்கூடக் கமராவை இறக்கிவிட்டார்கள்.

கச்சான் ஒரே மூச்சில் வீசாது. வீசும், ஓயும், மறுபடி வீசும். கரையில் பனையோலைகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

கை வந்தது.

கயிறு உயரப் போகவில்லை. தண்ணீரை உரசுவதுபோலத் தாழப் பறந்து வந்து துறையின் பலகையில் டொக்கென்று விழுந்தது. துறைத் தொழிலாளி றுமைஸ் பாய்ந்து அதை மிதித்தான். நாலுபேர் சேர்ந்து இழுத்தார்கள். தடித்த கயிறு நனைந்த உடும்புபோல ஊர்ந்து வந்து இரும்புக் கட்டையில் விழுந்தது.

சிரித்த சனம் கைதட்டியது. எல்லாருக்கும் முந்தித் தட்டியவர் முத்தலிப்.

ஆதம்பாவா தட்டவில்லை. கை இன்னும் கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. என்ன எறி அது! கத்தின வாய்களுக்கெல்லாம் காது கொடுக்காமல், காற்று விடும்வரை கையை வைத்திருந்தானே.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். பயம் தெளிந்த மனிதருக்குப் பேச்சு வந்தது. இந்தத் துறையில் ஐந்து மீற்றர்தான் ஆழம், இந்த அளவுக் கப்பலைத்தான் இங்கே கட்டலாம், பெரியது எதுவும் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது என்றார்.

ஆதம்பாவா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள். அவர்கள் போய் முடியும்வரை ஊழியர்கள் இறங்கக்கூடாது. மர்சூக் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கப்பலின் ஓரத்துக்கு வந்து குனிந்தான். நடுவில் ஒரு பாகம், ஆறடித் தண்ணீர் மட்டும். மகனுடைய முகம் வியர்த்து, கறுத்து, சிரித்தபடி இருந்தது.

கேட்பதற்கு ஆதம்பாவா வாயைத் திறந்தார். மகன் முந்திக்கொண்டான்.

"வாப்பா, நேத்து மெஷினுக்குப் போனீங்களா?"

இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோனதிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அந்த மெஷினோடுதான் அவருடைய வாழ்க்கை. அதை விட்டுவிட்டு அவரால் கொழும்புக்குக்கூடப் போக முடியாது.

"ஓம் மகன்," என்றார் ஆதம்பாவா. "போன நான்."

வேறொன்றும் கேட்கவில்லை.