ஐந்தாவது துளை

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே கிடந்த தவமலர், இன்றுதான் மறுபடி பனிக்காட்டில் நடக்க வந்திருந்தாள். கணவன் இந்திரகுமார் மட்டும் ஒரு சனிக்கிழமைகூட அந்த நடையைத் தவறவிட்டதில்லை. கன்னம் சிவக்க வீடு திரும்பி, காட்டின் அழகைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். தவமலர் கார்க் கதவோரம் குனிந்து, பனியில் புதையாத தன் அகலச் சப்பாத்துக்குள் காலை நுழைத்து, ரப்பர் வாரை இழுத்தாள். அவளுக்கு எப்போதும் மூன்றாவது துளை. அது தூசி அடைத்துக் கிடந்தது. ஐந்தாவதுதான் கொக்கி மாட்டி மாட்டி விரிந்திருந்தது. அவளுடையதைவிடச் சின்னக் கால்.

"இதை ஆரும் போட்டவையோ?"

"ஆர் போடுறது? ரெண்டு வருசமா கராஜிலதானே தொங்கினது."

பல்லைக் கடித்துக்கொண்டு வாரை ஐந்தாவது துளைவரை இழுத்து மாட்டினாள்.

"இறுக்குதோ?" என்றான்.

"இல்லையப்பா. அளவாத்தான் இருக்கு."

கால்விரல்கள் மரத்துப்போக, அவனை முந்திக்கொண்டு நடந்தாள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"அவவுக்குப் பிடிச்சது எந்தப் பக்கம்?"