சரக்கு லிப்டுக்கு ஒரு நினைவூட்டல்

மேலாளரின் போன் மேசைமேல் மறுபடியும் அதிர்ந்தது.

அவர் எடுத்துப் படித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை எதிரே கணினிமுன் உட்கார்ந்திருந்தவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

‘சரக்கு லிப்டின் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. உடனே புதுப்பிக்கவும்.’

அவளே எழுதி வைத்த வாசகம்தான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

“ஏம்மா, இதை நிறுத்துன்னு நேத்தே சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

அந்தக் கிடங்கில் அவளுக்கு அலாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. முன்பெல்லாம் ஓட்டுநர் உரிமம், வண்டிக் காப்பீடு, தீயணைப்புக் கருவி என்று எது எப்போது முடிகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. யாராவது வந்து அபராதம் போட்டால்தான் தெரியும். அவள்தான் எல்லாத் தேதிகளையும் கணினியில் ஏற்றி, முடிவதற்கு முன்பே பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி தானாகப் போகும்படி செய்தாள். மேலாளர் கூட்டம் கூட்டிக் கைதட்டினார். பிறகு லிப்டின் முறை வந்தது. அன்றிலிருந்து அவர் முகம், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர் முகமாகிவிட்டது.

சோதனைக்கு ஆள் வந்தால் லிப்டை நிறுத்த வேண்டும். சரக்கோ கூரைவரை குவிந்து கிடக்கிறது. ‘ஆட்கள் ஏறக்கூடாது’ என்று லிப்ட் கதவில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே எல்லாரும் ஏறுவார்கள். மூட்டை மேல்மாடியில் தானாகவா இறங்கிக்கொள்ளும்? மேலாளர் மட்டும் கொஞ்ச நாளாகப் படியில் ஏறுகிறார். உடம்புக்கு நல்லதாம்.

போன் அதிர்ந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் அதிர்ந்தது. இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இழுப்பறை முனகியது.

“ஒரு மிஷினுக்கு இவ்வளவு திமிரா? இப்ப என் கண்ணு முன்னாடி நிறுத்து. இல்லேன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்.”

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதுவும் இந்த வயதில் புதிதாக எவன் கூப்பிட்டு நாற்காலி போடுவான்? அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சரக்கு லிப்ட் என்பதற்கு நேரே சாம்பல் நிறத்தில் ‘நிறுத்தப்பட்டது’ என்றிருந்தது. பக்கத்தில் நேற்றைய தேதி.

“நேத்தே நிறுத்திட்டேன் சார்.”

இழுப்பறை முனகியது.

மேலாளர் திரையைப் பார்த்தார், இழுப்பறையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திறந்து போனை எடுத்தார். அதே எண். அதே வாசகம். ஆனால் இந்த முறை கீழே இன்னொரு வரி இருந்தது.

‘கம்பிக் கயிறு இழை விட்டுப்போயிருக்கு. வந்து பாருங்க.’

அதை அவர் இரண்டு முறை படித்தார். கணினிக்குத் தேதி தெரியும். கயிறு தெரியாது. அது அவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

கீழே லிப்ட் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மூட்டையும் இல்லை, ஒரு ஆளும் இல்லை. அதன் முன்னால் லிப்டை ஓட்டுகிறவர், சுமை தூக்குகிறவர்கள், பேக்கிங் பெண்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா என்று எல்லாரும் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் கதவோரம் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு ஸ்டிக்கருக்கு நேரே போனைப் பிடித்து, எதையோ தட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் முன்னால் வந்தார். மேலாளரின் கையில் போன் அதிர்ந்தது.

கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் அந்த ஸ்டிக்கரை அவள் ஒட்டியிருந்தாள். போனைக் காட்டினால் அதே செய்தி பொறுப்பாளருக்குப் போகும். விரும்பினால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இதுவரை யாரும் அதைச் சீண்டியதில்லை. நேற்று சாயங்காலம் கணினியில் லிப்டின் நினைவூட்டலை நிறுத்திய கையோடு அவள் கீழே இறங்கிப்போய், இனிமேல் மிஷின் பேசாது, நாமதான் பேசணும் என்று சொல்லி, எப்படி அனுப்புவதென்று எல்லாருக்கும் செய்துகாட்டினாள்.

“இதெல்லாம் யார் பண்ண வேலை?” அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“மிஷினைத்தான் நிறுத்தச் சொன்னீங்க சார்.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கூட்டிப் பெருக்கும் அம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் முறை வந்தது. போனைக் கதவோரம் காட்டி, ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

‘நாளைக்கும் வருவேன்.’