தகர டப்பாவின் நாகரிகம்

உலகம் அழிகிற நாளில் மனிதனிடம் மிஞ்சப்போவது இரண்டே இரண்டுதான்: பசியும் அறமும்.

இந்த வாக்கியத்தை எழுதிய திறனாய்வாளர், அதை மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டிய கையோடு, பல்செட்டைக் கழற்றி நர்ஸ் நீட்டிய கிண்ணத்தில் போட்டார்.

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குப் பல்செட் ஆகாது.

நேற்று எடுத்த ஸ்கேனில் அவருடைய இரைப்பையில் ஒரு நிழல் தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவு. அது என்னவாக இருக்கும் என்று டாக்டர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலேயே கணவன் மனைவி இருவருக்கும் புரிந்துவிட்டது.

அதனால்தான் கட்டுரை வாசிப்பு. அவருக்கும் பயம் தெரியாமல் இருக்கும், அவளுக்கும் பொழுது போகும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருடைய கட்டுரை ஒன்றை அவள் கொட்டாவி விடாமல் கேட்பது இதுதான் முதல் தடவை. பயம் மனிதரை எந்த அளவுக்குக் கொண்டுபோகிறது பாருங்கள்.

கட்டுரை இரண்டு நாவல்களை ஒப்பிட்டது. ஒன்றைப் பனி தேசத்துக்காரர் எழுதியிருந்தார், மற்றதைத் தீவுக்காரர். இரண்டிலும் உலகம் அழிந்துபோகிறது. இரண்டிலும் ஒரு கணவனும் மனைவியும் தப்பிப் பிழைக்கிறார்கள். இரண்டிலும் சாப்பாட்டுக்கு வழியில்லை.

பனி தேசத்துக் கணவன் ஒரு மீன் டப்பாவைக் கோட்டுக்குள் ஒளித்துவைத்து, மனைவி தூங்கியதும் இருட்டில் தின்கிறான்.

தீவுக் கணவன் கிடைத்த ஒரு பிடிச் சோற்றை மனைவி பக்கம் தள்ளுகிறான். அவள் அதை இவன் பக்கம் தள்ளுகிறாள். இப்படியே மூன்று அத்தியாயம் தள்ளி, கடைசியில் சோற்றை எறும்பு தின்றுவிடுகிறது.

‘முன்னது தகர டப்பாவின் நாகரிகம், பின்னது கையின் நாகரிகம். நாமோ, சந்தேகமின்றி, கையின் பிள்ளைகள்’ என்று முடித்திருந்தார். பல் இல்லாத வாயில் ‘சந்தேகமின்றி’ மட்டும் கொஞ்சம் சந்தேகமாக வந்தது.

“எறும்பு தின்னுற வரைக்குமா தள்ளிக்கிட்டு இருப்பாங்க? ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டா முடிஞ்சு போச்சு. கூறுகெட்டதுங்க” என்றாள் மனைவி.

“அது குறியீடு.”

“என்ன எழவோ” என்றவள், இருக்கும் இடம் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் தாள்களை அடுக்கி அவள் மடியில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, “ஒருவேளை நான் இல்லேன்னா, மாநாட்டுல இதை வேற யாரையாவது வாசிக்கச் சொல்லு” என்றார்.

“நல்ல வார்த்தை பேசுங்க. அந்த மாநாட்டுக்கு உயிரோட இருக்கிறவங்களே வர்றதில்ல.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனது.

அப்போதுதான் அவர் அவளுடைய உதடுகளைக் கவனித்தார். காய்ந்து வெடித்திருந்தன.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அவரைத்தான். நேற்றும் சரி, இன்றும் சரி, அவளும் ஒரு வாய் காப்பி குடிக்காமல்தான் கூட வந்திருந்தாள். கேட்டதற்கு, “நீங்க பட்டினியா கெடக்கறப்ப எனக்கு மட்டும் எப்படிங்க தொண்டைல எறங்கும்?” என்றாள்.

திறனாய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கட்டுரையில் எந்தப் பத்தியில் சேர்க்கலாம் என்றும் யோசித்தார். ஆனால் கலங்கியது நிஜம்.

உள்ளே கூப்பிட்டார்கள். தொண்டையில் மருந்து அடித்து மரக்க வைத்தார்கள். குழாய் இறங்கியது. டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். குழாயைத் திருப்பி, இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு மனைவியை உள்ளே அழைத்தார்.

“ஒண்ணுமே இல்லம்மா. வயிறு பளிச்சுன்னு இருக்கு. கூட்டிட்டுப் போங்க.”

அவள் டாக்டரைக் கும்பிட்டாள். நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சக்கர நாற்காலியோடு எதேச்சையாக உள்ளே வந்தவரையும் விட்டுவைக்கவில்லை. “நீங்க நல்லா இருக்கணும்” என்று வாழ்த்தினாள். அவர் வேறு யாரையோ கூட்டிப்போக வந்தவர். ஆனாலும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

டாக்டருக்கு மட்டும் ஒரு குடைச்சல் தீரவில்லை. “நேத்து வெறும் வயித்தோடதானே சார் வந்தீங்க? எதாவது சாப்பிட்டிருந்தா ஸ்கேன்ல அப்படி நிழல் விழும்.”

திறனாய்வாளர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல் எழும்பவில்லை.

மனைவி முந்திக்கொண்டாள். “இவரா? பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டர். பசி பசின்னு பக்கம் பக்கமா எழுதற மனுஷன். இவருக்குத் தெரியாத பட்டினியா?”

டாக்டர் தலையாட்டிவிட்டு, ஸ்கேன் மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றார். மெஷின் எதிர்த்துப் பேசவில்லை.

திறனாய்வாளர் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணீர் காதோரம் வழிந்தது. அவருக்கு எல்லார் மேலும் நன்றி பெருகியது. டாக்டருக்கு நன்றி, குழாய்க்கு நன்றி, இந்தக் கைக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, தொண்டையை மரக்க வைத்த மருந்துக்கு.

நேற்று, அவள் ஸ்கேனுக்குச் சீட்டுப் போட வரிசையில் நின்றிருந்தபோது, அவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு கிரீம் பன் தின்றார்.

இரண்டாவது, அவளுக்கென்று வாங்கியது.