அம்மனுக்குத் தெரியாத சங்கதி

"இன்னிக்கு ஆத்தா வாயால கள்ளியோட பேரு வந்தாகணும். வந்ததும் நேரா போலிஸ்தான்!"

செருமிச் செருமிக் கர்ஜித்தார் கணேசமூர்த்தி. ஜாலான் பெண்டஹாரா ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கோவில் கமிட்டித் தலைவர். காணாமல்போன வைர மூக்குத்தியை அம்மனுக்குச் செய்துபோட்டவரும் அவர்தான்.

சந்திரமதி கூட்டத்தின் கடைசியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

மூக்குத்தி அவள் வீட்டில் இருந்தது.

திருடவில்லை. ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குச் சந்தனக்காப்பு. மறுநாள் காலையில் காப்பைக் களைந்து, வந்த பெண்களுக்கெல்லாம் உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் உருண்டையை உடைத்தால், உள்ளே மினுக்கென்று மூக்குத்தி! பதறிப்போய்க் கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். கோவில் கேட்டில் கால் வைக்கும்போதே உள்ளே கூச்சல்.

"எவளோ அமுக்கிட்டா! மாட்டட்டும், கையை ஒடிக்கிறேன்!"

அவள் புருஷன் தேவதாஸ் துறைமுகத்தில் சரக்குத் திருடி ஜெயிலில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி போய், 'சந்தனத்துக்குள்ள இருந்துச்சு' என்றால் எவன் நம்புவான்? கேட்டோடு திரும்பிவிட்டாள்.

ஊருக்கு மறைக்கலாம். அம்மனுக்கு?

காஜா பெராங் கிணற்றடி மாரியம்மனுக்குத் தெரியாதது கிடையாது. லோரி ஓட்டும் தம்பிராஜாமேல் அவள் இறங்கிவிட்டால், எந்த வீட்டுக் கோழி எந்த வேலிக்குள் முட்டையிட்டது என்பதுவரை வந்துவிடும்.

"மெர்டேக்கா வரப்போகுது, நாடே சுதந்திரமாகப்போகுது, இன்னும் குறி கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களேலா!" என்று வாசலில் நின்றபடி சிரித்தான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கருணாகரன். சீர்திருத்தக்காரன். "எல்லாம் தெரிஞ்சவளா இருந்தா, திருடறப்பவே கையைப் பிடிச்சிருக்க வேணாமா? தெரியாதவளா இருந்தா, அவளுக்கு எதுக்குய்யா பூசை?"

"வாயை மூடுய்யா கிராணி! இப்பப் பாரு, புட்டுப்புட்டு வைப்பா!" என்றார் கணேசமூர்த்தி.

உடுக்கை அதிர்ந்தது. தம்பிராஜா தலையைச் சிலுப்பி, நாக்கைத் துருத்தி ஓர் ஆட்டம் ஆடினார். சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து சிவந்த கண்கள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு வந்தன. சந்திரமதி முகத்தில் வந்து நின்றன.

'முடிஞ்சுது' என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆத்தா, சொல்லு! உன் மூக்குத்தியை எடுத்தது யாரு?"

"தெரியாதுடா!"

உடுக்கை சட்டென்று நின்றது.

மலாய் பேசியே வளர்ந்த, தமிழ் வராத கம்போங் செட்டிக் குடியிருப்பு இந்திரா, பக்கத்தில் நின்ற ருக்மணியின் முழங்கையை இடித்து, என்ன சொன்னாள் என்று மலாயில் கேட்டாள்.

"தாக் தாவு," என்றாள் ருக்மணி.

"தாக் தாவு?" இந்திராவின் புருவம் கொண்டைவரை ஏறியது.

"தெரியாதாம்!" கருணாகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "தன் மூக்கில இருந்தது போனதே தெரியல, இவ ஊருக்குக் குறி சொல்றா!"

"ஆத்தா, நல்லாப் பார்த்துச் சொல்லு..." கணேசமூர்த்தியின் கர்ஜனை கெஞ்சலாகிவிட்டது.

"தெரியாதுன்னா தெரியாது! எனக்கு உடம்பு எரியுது. வாங்கிட்டுப் போன சந்தனத்தையெல்லாம் கொண்டாந்து அந்த அண்டாவில போடுங்கடி. ஒரு வீடு பாக்கி இருக்கக்கூடாது. கரைச்சு என்மேல ஊத்துங்க!"

ஒரு நொடி சந்திரமதிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வீட்டுக்கு ஓடினாள்.

பெண்கள் வரிசையாக வந்து போட்டார்கள். டப்பாவில் சிலர், வாழை இலையில் சிலர். பாதி தீர்த்தவர்கள் மீதியைச் சுரண்டிக்கொண்டு வந்தார்கள். சந்திரமதியும் மறுபடி பிடித்த தன் உருண்டையைப் போட்டாள். அதன் நடுவயிற்றில் மூக்குத்தி பத்திரமாக இருந்தது.

கரைக்கக் கைவிட்ட கணேசமூர்த்தி, "ஆ!" என்று கையை உதறினார். விரலைக் குத்தியது வைரம்.

"அட, சந்தனத்தோட போயிருக்கு! யாரு வீட்டுக்குப் போச்சோ, அவங்களுக்கே தெரியல பாரு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருணாகரன் விடவில்லை.

"கண்டுபிடிச்சது அண்டா! உங்க சாமி தெரியாதுன்னுதானே சொன்னா? இனிமே அண்டாவுக்கே தீபம் காட்டுங்க!"

கன்னத்தில் போட்டுக்கொண்ட கூட்டமே கொல்லென்று சிரித்தது. கணேசமூர்த்திக்கு முகம் சுண்டிவிட்டது.

"நாலு பேரு முன்னால என் மானத்தை வாங்கிட்டியே தம்பிராஜா. வர்ற திருவிழாவுக்குக் கரகம் வேற ஆளு எடுக்கட்டும்."

அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் சுமந்த கரகம். தம்பிராஜா முகத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனார். "தாக் தாவு சாமி போகுது!" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை புக்கிட் ரம்பாய்க்குப் புறப்பட லோரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள் சந்திரமதி.

"அண்ணே... அந்த மூக்குத்தி... நான்தான்..."

"உஸ்! கைக்குள்ள வச்சுக்கிட்டு கேட்டுவரைக்கும் ஓடிவந்தியே, அவங்க சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் போனியே, எல்லாம் இந்த லோரிக்குள்ள உக்காந்து பார்த்தேன். திருடறவ எவளாவது திருப்பிக் கொடுக்க ஓடிவருவாளா?"

சந்திரமதிக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது.

"உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அம்மனுக்குத் தெரியாமப் போச்சாண்ணே?"

தம்பிராஜா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து என்மேல சாமி வரவே இல்லம்மா. வந்திருந்தா, உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைச்சிருப்பாளே!"