அஞ்சு ஸ்டார் பாக்ஸ்

"தொடாதீங்க மாப்ளே! கையை எடுங்க! முதல்ல கையை எடுங்க!"

வாசலிலிருந்து மாமனார் போட்ட சத்தத்தில், செல்போனை சார்ஜில் போடக் குனிந்த மாப்பிள்ளை துள்ளிப்போய் சோபாவில் விழுந்தான்.

"என்ன மாமா, வந்ததும் வராததுமா... செருப்பையாவது கழட்டிட்டு வாங்க."

"கழட்ட மாட்டேன். ரப்பர் செருப்பு. இந்த வீட்டுல இனிமே இதுதான் காப்பு."

எல்லாம் மனைவி செய்த வேலை. "யூஎஸ்பி வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தள்ளுபடியில வாங்கியிருக்கோம்பா. ஒண்ணு வாங்கினா மூணு இலவசம்" என்று முந்தின நாள் போனில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். எந்தக் கம்பெனி, என்ன கலர் என்று இரண்டே கேள்விதான் கேட்டார். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்கிறார்.

மாமனார் முப்பத்து நாலு வருஷம் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். "உள்ளங்கையால தொட்டா கரண்ட் கையை மடக்கிப் பிடிச்சுக்கும். புறங்கைன்னா தள்ளி விட்டுரும்" என்பார். சரி, கரண்டுக்கு அது நியாயம். நாற்காலி, டீ கிளாஸ், பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும் முன்புகூடப் புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். வீடியோவில் இருக்கிறது.

இந்த மனிதரிடம் எட்டு வருஷமாக மாப்பிள்ளை எதிலும் ஜெயித்ததில்லை. ஃபேன் வாங்கினால், "ஜன்னலைத் திறந்து வைங்க, காத்து வரும்" என்பார். இந்த ஒரு தடவையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளை முடிவு செய்துகொண்டான்.

"நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கல மாமா. ரிவ்யூ பார்த்துத்தான் வாங்கினேன். அஞ்சு ஸ்டார்!"

"எவனாவது வேலை வெட்டி இல்லாதவன் எழுதியிருப்பான்."

"தொழில் தெரிஞ்சவர் மாமா. 'என் அனுபவத்தில் இப்படி ஒரு பாக்ஸைப் பார்த்ததில்லை'ன்னு எழுதியிருக்காரே!"

மாமனாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

"ரிவ்யூவைத் தூக்கி உடைப்புல போடுங்க. இதுக்குள்ள எர்த் கம்பியே கிடையாது. மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு. ஒயர் தலைமுடி மொத்தம்தான் இருக்கும். அரை மணி நேரம் அயர்ன் பாக்ஸ் போட்டா இடது பக்கம் இளகும்."

"இன்னும் திறந்தே பார்க்கலையே மாமா!"

"அனுபவம் மாப்ளே, அனுபவம்!"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நான்கு திருகாணிகளைக் கழற்றினார். அவர் சொன்னது அச்சு பிசகாமல் உள்ளே இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"எங்கப்பா கண்ணு கண்ணா, எக்ஸ்ரே மிஷினா!" என்று பூரித்த மனைவி, அடுத்த நொடியே நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, பாப்பா கட்டிலுக்குப் பக்கத்துல ஒண்ணு சொருகியிருக்கோம்பா!"

மாமனாருக்கு முகமே வெளுத்துவிட்டது. உள்ளே ஓடி அதைப் பிடுங்கினார். தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

மாப்பிள்ளைக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பெற்ற பிள்ளை தலைமாட்டில் கொள்ளியை வைத்தது போல ஆகிவிட்டதே! நான்கு பாக்ஸையும் அட்டைப் பெட்டிகளோடு எடுத்து நீட்டினான். ஒரு பெட்டியிலிருந்து சீட்டு ஒன்று கீழே விழுந்தது.

"அஞ்சு ஸ்டார் ரிவ்யூ எழுதினா இன்னொரு பாக்ஸ் இலவசமாம்ப்பா" என்று படித்தாள் மனைவி.

மாமனார் சட்டென்று அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "நான் எல்லாத்தையும் கொண்டுபோய் அக்கு வேறு ஆணி வேறா பிரிச்சுப் போட்டுடறேன். அந்த ரிவ்யூவையும் அழிச்சிடுங்க மாப்ளே."

"அடுத்தவர் எழுதினதை நான் எப்படி மாமா அழிக்க முடியும்? எழுதினவர்தான் அழிக்கணும்."

"எழுதினவனுக்கு எப்படி அழிக்கிறதுன்னு தெரியலைன்னா?"

"அது அவர் தலையெழுத்து."

"சரி, சரி. நான் கிளம்பறேன். அடுத்த பஸ் போயிடும்."

"இருங்கப்பா, டீயாவது குடிச்சிட்டுப் போங்க. ஏங்க, போனைக் கொடுங்க. பச்சைப் புள்ள இருக்கற வீட்டுக்கு இதை வாங்க வச்ச அந்த மகராசன் இன்னும் என்னதான் எழுதிக் கிழிச்சிருக்கான்னு பார்க்கறேன்." கணவன் முதல் வரியோடு நிறுத்திய ரிவ்யூவில் 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினாள்.

வாசலில் ரப்பர் செருப்புச் சத்தம் ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கியது.

மனைவி உரக்கப் படித்தாள்: "'புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. என் மாப்பிள்ளையையும் இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தேன். இரண்டுமே இன்றுவரை சூடானதில்லை!'"