அறுபது மீட்டர்

அழைப்பு மணி அலறியதும் அவளுக்குத் திக்கென்றது.

கணவனின் மோட்டார் சைக்கிளை அப்போதுதான் ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். சாவி இன்னும் கையில்.

வாசலில், கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞன். புகை ஆய்விலிருந்து வருகிறானாம்.

போன வருடம் கணவன்தான் பெயர் கொடுத்தான். முந்நூறு வண்டிகளில் கருவி பொருத்தி, தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு கார்பன் விடுகிறது என்று பார்க்கிறார்கள் என்றான். உன் மூக்கிலிருந்து வருகிற புகைக்குத்தான் இன்னும் கருவி வரவில்லை என்று சீண்டவும் செய்தான்.

இளைஞன் வகுப்பெடுப்பதுபோல் சத்தமாக ஆரம்பித்தான். தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஐம்பத்திரண்டு நாளாகக் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இன்ஜின் உறுமுகிறது. நூற்றைம்பது கிராம் கார்பன் வெளியே போகிறது. வண்டி போவதோ அறுபது மீட்டர். கருவி கெட்டுவிட்டதா, பிள்ளைகள் யாராவது விளையாடுகிறார்களா?

"மெதுவாப் பேசுங்க தம்பி. உள்ளே மாமா படுத்திருக்காங்க."

அவனைத் தெருப்பக்கம் தள்ளாத குறையாக அழைத்துப்போய், கிசுகிசுத்தாள்.

வேலை செய்யும் இடத்தில் சுருண்டு விழுந்த அவள் கணவன் எழவேயில்லை. அன்று மாமா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். மகன் செய்தியை அந்த இதயம் தாங்காது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த மாமாவிடம், உங்கள் பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டது, ஏழு மணிக்குப் போனால் நீங்கள் தூங்கிய பிறகுதான் வருகிறார் என்று சொல்லிவைத்தாள்.

மாமாவுக்குக் கண் மங்கல். காதோ பாம்புச் செவி.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கணவன் செய்வதுபோலவே முற்றத்தில் வண்டியைக் கிளப்பிச் சூடேற்றுவாள். இன்ஜின் ஓட ஓடத் தெருமுனைவரை உருட்டிப் போவாள். அங்கே அணைத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவாள். அதற்குப் பிறகுதான் அடுப்பு, மாமாவின் மாத்திரை, குளியல் எல்லாம்.

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். பேசியபோது குரல் பாதியாகியிருந்தது. அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து தினமும் போட்டால் போதுமே, காற்றும் கெடாது, உங்களுக்கும் இந்தப் பாடு இல்லை என்றான்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. போனை எடுத்தாள்.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் நிதானமாக வந்தது.

"அந்த யோசனையெல்லாம் வேண்டாம் தம்பி. என் பையன் போயிட்டான்னு எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும். வண்டியைக் கிளப்பணுமேன்னுதான் இந்தப் பொண்ணு காலையில எழுந்திருக்கிறா."