நான்தான் சார்

"மணி மூணு ஆச்சு. நாலு மணிக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். ஒரே ஒரு பேர்!"

மேனேஜர் மேசையில் ஓங்கித் தட்டினார். எதிரே நின்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

விஷயம் சின்னதல்ல. அவர்கள் எழுதிப் பராமரிக்கும் புரோகிராமில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. இன்று காலை திறந்து பார்த்தால் இனி வரவேண்டிய தேதிகள் அத்தனையும் காணோம். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வந்த ஒருவரிடம் 'உங்க பேரே இல்லையே' என்று சொல்லியிருக்கிறார்கள். மதியத்துக்குள் எல்லாவற்றையும் மீட்டாகிவிட்டது. ஆனாலும் கம்பெனி டைரக்டர் விடுவதாக இல்லை. அழித்தது யார் என்று தெரிய வேண்டும், அந்த ஆள் இன்றே வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் டீமையே கலைத்துவிடுவேன் என்று போனில் கத்திவிட்டார்.

மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதுவரை அவரும் இந்த நாலு பேரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர்தான். மேனேஜர் ஆன மறுநாளே சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது அவர் கட்சி. ஒருமுறை மீட்டிங்கில் 'நீங்க சொல்றது தப்பு சார்' என்று வாய் திறந்த ஒருவனை அடுத்த வாரமே வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார். அதன் பிறகு மீட்டிங்குகள் சீக்கிரமே முடிந்தன.

"லாக் எங்கே? யார் எப்போ எதை அழிச்சாங்கன்னு அதுலயே இருக்குமே!"

"எடுத்துட்டிருக்கோம் சார்" என்றார் நால்வரில் மூத்தவரான அக்கா. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மேனேஜருக்கும் ஏழு மாதம் முன்புவரை அக்காவாக இருந்தவர்.

"காலையிலேர்ந்து இதையே சொல்றீங்க! போங்க எல்லாரும். பண்ணவங்க தனியா வந்து ஒத்துக்கிட்டா நல்ல சர்டிபிகேட் கொடுத்து அனுப்பறேன். மறைச்சா, வேற எங்கேயும் வேலை கிடைக்காது."

கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வந்தவன் மாப்பிள்ளை. போன மாதம் கல்யாணம் ஆனதிலிருந்து அவனுக்கு அதுதான் பேர்.

"சார்... ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

வாயைத் திறந்தான், மூடினான். மேனேஜர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது.

"அந்தத் தேதியெல்லாம் அழிச்சது வந்து..."

"யாரு?"

"நான்தான் சார்."

சொன்னவன் ஓடாத குறையாக வெளியே போனான். மேனேஜர் அவன் பேரை எழுதினார். பாவம், வீட்டில் என்ன சொல்லுவான்?

பேனாவை மூடுவதற்குள் டெஸ்டர் பெண் வந்து நின்றாள். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. நாள் முழுக்க வாய் ஓயாது. இப்போது பேச்சே வரவில்லை.

"சார், நீங்க கோவிச்சுக்கக் கூடாது..."

"விஷயத்தைச் சொல்லும்மா!"

அவர் போட்ட அதட்டலில் அவள் ஓரடி பின்னால் போனாள். "நான்தான் சார் அழிச்சேன்."

"நீயா? இப்பத்தானே மாப்பிள்ளை வந்து தான்தான்னு சொல்லிட்டுப் போறான்?"

"அவனா?" என்று திருதிருவென விழித்தாள். "இல்ல சார்... நான்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து வந்தது டேட்டாபேஸ்காரர். இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. கதவைப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் நின்றார். மேனேஜரின் தண்ணீரைக் கேட்காமலே எடுத்துக் குடித்தார். "நான்தான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மேனேஜர் மூன்றாவது பேரையும் எழுதினார். அழித்தது ஒருவராகத்தான் இருக்க முடியும். மற்ற இருவரும் அவரைக் காப்பாற்றத் தங்கள் தலையைக் கொடுக்கிறார்கள்! இப்படி ஒரு டீமை உருவாக்கியது யார்? ஆள்களை வைத்து வேலை வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று ஏழு மாதத்தில் முதல்முறையாக அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் மணி நாலாக எட்டு நிமிஷம்தான் இருந்தது. மூன்றில் எந்தப் பேரைக் கொடுப்பது? தப்பான பேரைக் கொடுத்தால் ஒன்றும் செய்யாத ஒருவரின் பிழைப்பில் மண் விழும்.

மறுபடி கதவு தட்டப்பட்டது. கையில் ஒரு காகிதத்தோடு அக்கா.

"வாங்கக்கா" என்றார் மேனேஜர், தன்னையறியாமல். "நீங்களும் நான்தான்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல சார். லாக் கொண்டு வந்திருக்கேன். நேத்து சாயங்காலம் பழைய தேதியெல்லாம் நானே அழிச்சுடறேன்னு உட்கார்ந்தீங்களே, வருஷத்தை மாத்திப் போட்டிருக்கீங்க. பழசெல்லாம் அப்படியே இருக்கு, வரப்போறதெல்லாம் போயிடுச்சு."

காகிதத்தில் வரிக்கு வரி அவர் பேர்தான் இருந்தது. மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப... அவங்க மூணு பேரும்?"

"இதைச் சொல்லத்தான் சார் ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்க. உங்க முகத்தைப் பார்த்ததும், உண்மையைச் சொல்றதைவிடப் பழியை ஏத்துக்கிறதே சுலபமாத் தெரிஞ்சிருக்கு."

"நீங்க மட்டும் எப்படிக்கா தைரியமா..."

"ராஜினாமாவை அனுப்பிட்டுத்தான் சார் கதவைத் தட்டினேன்."